கடைமடைக்கும் ஒரு பங்கு

நம் ஊர்களில் சங்கம் இல்லாத தெரு இல்லை. தாராசுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் எண்ணினாலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், வணிகர் சங்கம், உழவர் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, பங்குப் பேரவை, மரியாயின் சேனை, வின்சென்ட் தெ பவுல் சபை, இளைஞர் மன்றம் எனப் பட்டியல் நீளும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. அந்தச் சிறு புத்தகம் எங்கே இருக்கிறது என்று உறுப்பினர் ஒருவரைக் கேட்டால், "செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும்" என்பார். கடைசியாக அது எப்போது வெளியே வந்தது என்று கேட்டால், ஏதேனும் ஒரு சண்டையின் ஆண்டைச் சொல்வார்.

சண்டைக்கு மட்டும் எடுக்கப்படும் பொருள் நாளடைவில் ஆயுதமாகிவிடுகிறது. அதனால்தான் துணைவிதி என்ற சொல்லைக் கேட்டதும் நல்லவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "குடும்பமாகப் பழகுகிறோம், நமக்குள் சட்டம் பேசலாமா?" என்பது நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் குரல். கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதற்கு மறைநூல் ஆதாரமும் கைவசம் இருக்கிறது. எழுத்து கொல்லும், ஆவியே உயிர் தரும் என்ற பவுலடியாரின் கருத்தை உடனே நினைவூட்டுகிறோம். மறுபுறம், ஒவ்வோர் உட்பிரிவையும் மனப்பாடம் செய்து, பிறரைத் தடுப்பதற்கென்றே கூட்டத்திற்கு வரும் அன்பர்களையும் நாம் அறிவோம். ஒருவர் விதியை வெறுக்கிறார். மற்றவர் அதை வழிபடுகிறார். விதி யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைவு போக வேண்டாம். அரசலாற்றங்கரையில் நின்று பார்த்தாலே போதும். காவிரிப் படுகையில் வாழும் நமக்குத் தலைமடை, கடைமடை என்ற சொற்களை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலின் தலைப்பில் நிலம் வைத்திருப்பவருக்கு முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மதகு திறந்தால் முதல் தண்ணீர் அவருடையது. முறை தேவைப்படுவது கடைசி வயலுக்கு. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள், கல்லணைக் கால்வாய்க்கு இத்தனை நாள் என்று முறைப்பாசனம் வைக்கிறார்களே, அது யாருக்காக? மதகின் அருகே நின்று குரல் கொடுக்க இயலாத, பல கல் தொலைவில் நாற்றங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கடைமடை உழவருக்காக. முறை தவறினால் அவர் வந்து கேட்பதற்குள் பயிர் காய்ந்துவிடும்.

சங்க விதியும் இப்படித்தான். கூட்டத்தில் இருப்பவருக்கு வாய் இருக்கிறது. உரக்கப் பேசத் தெரிந்தவருக்குத் தலைவரின் நட்பும் இருக்கிறது. கூட்டத்திற்கு வர இயலாதவருக்கும், வந்தும் பேசத் தெரியாதவருக்கும், இன்னும் பிறக்காத உறுப்பினருக்கும் அங்கே பேசுவதற்கு விதியைத் தவிர வேறு வாய் இல்லை.

தொடக்கத் திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறையீடு பதிவாகியிருக்கிறது. அன்றாடப் பந்திப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்பதே அது. ஒரே மனமும் ஒரே உள்ளமுமாய் இருந்ததாகப் போற்றப்படும் சமூகத்தில்தான் இது நடந்தது. அன்பு அங்கே குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அன்பு கண்ணுக்குத் தெரிந்தவர்களிடம் நின்றுவிட்டது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பவும் இல்லை. தகுதிகளை வரையறுத்தார்கள், எண்ணிக்கையை ஏழு என்று குறித்தார்கள், தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சமூகத்திடமே விட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாக இருப்பதை மறைநூல் அறிஞர்கள் சுட்டிக்காட்டுவார்கள். கவனிக்கப்படாத தரப்பினரின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. சில கைம்பெண்களின் பசியிலிருந்து திருச்சபையில் ஓர் ஒழுங்கு பிறந்தது.

நம் தமிழ் மண்ணுக்கும் இந்த அறிவு புதிதன்று. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் தங்கள் வாரியத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த விதிகளைப் பொறுமையாகப் பார்த்தால், கிராமத்தை நன்கு அறிந்த ஒருவர் எழுதியவை என்பது விளங்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கக் கூடாது என்று சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அவர்களும் நிற்கக் கூடாது என்றனர். கணக்குக் காட்டாதவர் அடுத்த முறை மைத்துனரை நிறுத்துவார் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது! மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 வரை என்று மாறியது. இரண்டே ஆண்டுகளில் அனுபவம் விதியைத் திருத்தியிருக்கிறது. இதற்கும் முன்னர், ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்த திருநெல்வேலிப் பகுதியின் மானூர்க் கல்வெட்டு, சபையில் எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்று மறுத்துத் தடுப்பவருக்கு 5 காசு தண்டம் விதிக்கிறது. அத்தகைய அன்பர்கள் அன்றும் இருந்தார்கள் போலும்.

ஆயினும் அந்தக் கல்லைப் புகழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. உத்திரமேரூர்க் குடத்தில் யாருடைய பெயர் விழும்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய அந்தணர் பெயர் மட்டுமே. பெண்ணின் பெயர் அதில் இல்லை. நிலத்தில் உழைத்தவரின் பெயரும் இல்லை. கணக்கில் இவ்வளவு கண்டிப்பாய் இருந்த விதி, யார் உள்ளே வரலாம் என்பதில் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்காக மட்டும் எழுதும் விதி இப்படித்தான் அமையும். எனவே ஒரு விதியைக் கையில் எடுக்கும்போது, அது எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதோடு, எழுதும்போது யார் வெளியே நின்றார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

வெளியே நிறுத்துவதில் எழுதப்பட்ட விதியைவிடக் கொடியது எழுதப்படாத விதி. திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எதற்குள் போகாது. பாடை எந்த வழியாக வரலாம். கொடியேற்றத்தன்று கயிற்றைத் தொடுபவர் யார். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை. இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. "வழக்கம்" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். எழுதப்பட்ட விதி அநீதியானால் அதைக் காட்டி வாதாடலாம், திருத்தம் கொண்டு வரலாம். வழக்கத்தை யார் இயற்றினார், எங்கே முறையிடுவது, எத்தனை பேர் கை தூக்கினால் அது மாறும்? அதற்கு விடை கிடையாது. நமக்குள் சட்டம் வேண்டாம் என்று சொல்லும் குரல், பல நேரங்களில், இந்த எழுதப்படாத சட்டம் தொடரட்டும் என்றே சொல்கிறது. ஓரத்தில் நிற்பவருக்கு எழுத்து ஒரு விடுதலை.

தாராசுரத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடப்பவருக்கு இன்னொரு நகரமும் நினைவுக்கு வரலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு சிறு கூட்டுறவுக் கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமில்லாத பொருள், சரியான எடை, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பவை அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். மாவிலும் சர்க்கரையிலும் ஏமாற்றப்பட்ட ஏழைகள் எழுதியவை அவை. இந்தியாவில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூட்டுறவு முறையில் பட்டும் சரிகையும் பெற்று நெய்யும் இன்றைய நெசவாளரின் கையில் இருக்கும் ஒற்றை வாக்கு அந்த மரபில் வந்தது.

அந்த வாக்கின் அருமை அது கேட்கப்படும்போதுதான் தெரியும். தமிழ்நாட்டில் 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டுறவு நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023இல் முடிந்தபோது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தனி அலுவலர் திறமையானவராக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் வாக்குக் கேட்கப்படாத உறுப்பினர் சிறுகச் சிறுகச் சங்கத்தின் உரிமையாளர் என்ற நிலையிலிருந்து அதன் வாடிக்கையாளராகிவிடுகிறார். விதி பயன்படாமல் கிடந்தால் மனிதரும் சுருங்கிப்போகிறார்.

அப்படியானால் விதியை அன்றாடம் பயன்படுத்துவது என்றால் என்ன? பெரிய காரியம் ஒன்றுமில்லை. கூட்ட அறிவிப்பு இத்தனை நாள் முன்னதாகத் தரப்பட வேண்டும் என்கிறது விதி. அது சந்தைக்கும் வயலுக்கும் போய்விடுபவருக்காக. இத்தனை பேர் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்கிறது; அது நான்கு நண்பர்கள் தேநீர்க் கடையில் எடுத்த முடிவை ஊரின் முடிவாக்காமல் இருப்பதற்காக. தீர்மானத்தை அன்றே எழுதிப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறச் சொல்கிறது. அது பத்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் உறுப்பினருக்காக. கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்கிறது. அது உண்டியலில் காசு போட்டுவிட்டு எதுவும் கேட்காமல் போன பாட்டிக்காக. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 ஆண்டுதோறும் பேரவையைக் கூட்டவும் கணக்கைப் பதிவாளரிடம் அளிக்கவும் சொல்வதை நாம் ஒரு தொல்லையாகவே பார்க்கிறோம். அந்த ஒவ்வொரு தொல்லைக்கும் பின்னால் அங்கே இல்லாத ஒருவர் நிற்கிறார்.

இல்லாதவரை மறந்தால் என்ன நேரும் என்பதை நம் பகுதியைவிட நன்கு அறிந்த பகுதி வேறொன்று இருக்க முடியாது. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது 2004ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் பெறும் சட்டம் தமிழகத்தில் 1965ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பள்ளிகளை ஆய்வு செய்யும் விதிகளும் ஏட்டில் இருந்தன. அவை யாருக்கும் பாரமாகத் தெரியாதபடி அலமாரியில் உறங்கின. அந்தக் குழந்தைகளுக்கு வாக்கு இல்லை. நிர்வாகக் குழுவில் இடமும் இல்லை. அவர்கள் சார்பில் பேச வேண்டியிருந்தது ஒரு விதிதான். 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. எந்தத் தீர்ப்பும் அந்த வகுப்பறைக்கு ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பவில்லை. விதி வெறும் காகிதம் என்று நாம் சொல்லத் துணியும்போதெல்லாம் அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். விதியைக் காப்பதே அறமென்றால், ஓய்வுநாள் பற்றிய வாதங்களில் ஆண்டவர் ஏன் பரிசேயர் பக்கம் நிற்கவில்லை? புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகவே ஆராய்ந்திருக்கிறார். சட்டம் என்பது பொது நன்மைக்காக, சமூகத்தின் பொறுப்பை ஏற்றவரால் இயற்றப்பட்டு அறிவிக்கப்படும் அறிவின் ஒழுங்கு என்பது அவருடைய வரையறை. ஆனால் சட்டம் எழுதுபவர் எல்லாச் சூழலையும் முன்கூட்டியே காண முடியாது. அடைக்கலமாக வைத்த பொருளைக் கேட்டதும் திருப்பித் தர வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் சித்தம் கலங்கிய ஒருவன் தான் கொடுத்து வைத்த வாளைக் கேட்கும்போது கொடுப்பது தீமை. அத்தகைய வேளையில் எழுத்தை விட்டு நோக்கத்தைப் பற்றிக்கொள்ளும் நற்பண்பை அவர் எபிக்கேயா என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார்.

இந்த நற்பண்பின் பெயரால் நம்மிடையே நடப்பவற்றை எப்படிப் பிரித்தறிவது? ஓர் ஈமச்சடங்கு நிதிச் சங்கத்தைக் கற்பனை செய்வோம். மூன்று மாதச் சந்தா பாக்கி இருந்தால் உதவி இல்லை என்பது அதன் விதி. ஆறு மாதம் படுக்கையில் கிடந்து இறந்த கூலித் தொழிலாளியின் மனைவி வந்து நிற்கிறார். பாக்கி நான்கு மாதம். அதே ஆண்டில் செயலாளரின் உறவினர் குடும்பத்திலும் ஓர் இறப்பு. அங்கும் நான்கு மாதப் பாக்கி, ஆனால் காரணம் அலட்சியம். இருவருக்கும் விலக்கு அளித்துவிட்டு, கருணை காட்டினோம் என்று சொல்லிவிடலாமா? விலக்கால் பயன் பெறுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விலக்கு அளிப்பவருக்கோ அவருடைய வேண்டியவருக்கோ பயன் போனால் அது சலுகை. விதி யாரைக் காக்க எழுந்ததோ அவருக்கே பயன் போனால் அது நீதியின் நிறைவு. ஓய்வுநாளில் ஆண்டவர் அளித்த விலக்குகள் கை சூம்பியவரையும் கூன் விழுந்த பெண்ணையும் பசித்தவர்களையும் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றும் தமக்கென்று எடுத்துக்கொண்டதன்று.

இன்னும் ஒரு படி உண்டு. அந்தக் கைம்பெண்ணுக்கு உதவி அளித்ததும் பணி முடிந்துவிடவில்லை. அளித்த காரணத்தைத் தீர்மானமாக எழுத வேண்டும். அடுத்த பேரவையில், நோயுற்ற காலத்துப் பாக்கி உதவியைத் தடுக்காது என்று விதியையே திருத்த வேண்டும். கருணை தலைவரின் மனநிலையாகவே இருக்கும்வரை ஒவ்வொரு கைம்பெண்ணும் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அது விதியாகிவிட்டால், அடுத்து வருபவர் கையேந்தாமல் உரிமையோடு பெற்றுச் செல்வார். கொடுத்தவரை யாரும் புகழ மாட்டார்கள் என்பது உண்மைதான். அந்தப் புகழை விட்டுக்கொடுப்பதும் ஓர் அறச்செயல்.

இந்த அளவுகோலை ஆலயத்தின் வாசலிலேயே நாம் கழற்றி வைத்துவிட முடியாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 537ஆம் எண்ணில் கட்டளையிடுகிறது. இறைமக்கள் காணிக்கையாகத் தந்த உடைமைகளைப் பற்றி நிர்வாகிகள் அவர்களுக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 1287ஆம் எண். அதைக் கேட்பதைப் பணிவின்மை என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுவதுமாகப் போகவில்லை. அருள்பணியாளர்கள் மாறிச் செல்பவர்கள், பங்கு நிலைத்திருப்பது. நல்ல பணியாளர் வந்தால் பங்கு தழைப்பதும் அவர் போனால் வாடுவதும் மட்டுமே நிலைமையானால், மக்கள் என்றும் தலைமடையின் தயவில்தான் வாழ்கிறார்கள் என்று பொருள். விதி ஒழுங்காக நடக்கும் பங்கில் சுமாரான பணியாளரின் காலத்திலும் ஏழையின் விண்ணப்பம் படிக்கப்படும். அந்தச் சட்டத் தொகுப்பின் இறுதி எண்ணாகிய 1752, ஆன்மாக்களின் மீட்பையே திருச்சபையின் மிக உயர்ந்த சட்டமாகக் கண்முன் வைக்கிறது. பங்குப் பணியாளர்களை இடம் மாற்றுவது பற்றிய பகுதியின் முடிவில் அது வருகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதிகாரம் ஒருவரை இடம் பெயர்க்கும் அந்த இடத்திலேயே, இது யாருக்காக என்று அதிகாரத்திடம் கேட்கப்படுகிறது.

புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் 73 அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றாவது, முக்கியமான காரியங்களில் மடத்தின் தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கச் சொல்கிறது. வயதில் இளையவருக்கும் ஆண்டவர் நல்லதைக் காட்டுவார் என்பது அதற்கு அவர் தரும் காரணம். தலைவரின் சொல்லுக்குக் கீழ்ப்படியக் கற்பிக்கும் ஒழுங்கே, இளையவரின் சொல்லைக் கேட்கத் தலைவரைக் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே வாசக அன்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம். நீங்கள் எந்தச் சங்கத்தில், எந்தச் சபையில் இருந்தாலும், அடுத்த ஆண்டுப் பேரவையில், சண்டை எதுவும் இல்லாத நாளிலேயே, அதன் விதிகளை ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு விதிக்கும் இது யாரைக் காக்கிறது என்று கேளுங்கள். விடை கிடைக்காத விதியைத் திருத்துங்கள்; விடை கிடைத்த விதியை, எவ்வளவு வேண்டியவர் வந்து கேட்டாலும், விட்டுக்கொடுக்காதீர்கள். அதன்பின் கூட்டத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்து, இன்று வராதவர் யார் என்று எண்ணுங்கள். மதகு நம் கையில் இருக்கிறது. கடைசி வயல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது.